எல்லையோரக் கணக்கு – 11: நடுவில் சிதம்பரம்

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் பஸ் ஏறினால் கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று சுமார் 130 கிலோமீட்டர். தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்ச தூரம் நீங்கலாக முழுக்கத் தமிழ்நாட்டு மண். 1954 வரை இது பிரெஞ்சிந்தியாவின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே இன்னொரு நாடு குறுக்கே கிடந்த வழி. கவர்னரானாலும் நெல் வியாபாரியானாலும், கப்பல் ஏறாமல் காரைக்கால் போக அயல்நாட்டுச் சாலையில்தான் போயாக வேண்டும். சென்ற வாரம் காரைக்கால் கடைத்தெருவில் நின்றோம். இந்த வாரம் இந்த நடுப்பாதை.

புதுச்சேரிப் பகுதியே ஒரே துண்டாக இருக்கவில்லை. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று கொம்யூன்கள் தென்னாற்காட்டு வயல்களுக்கிடையே சிதறிக் கிடந்தன. ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாக இருந்து, கடைசியாக 1816இல் கொடுத்தபோது இப்படிக் கந்தலாகத்தான் கொடுத்தார்கள். ஒருவன் வீடு பிரெஞ்சில், வயல் பிரிட்டிஷில். கோட்டை கட்டிச் சண்டை போட்ட கதை பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. எனக்கு அதைவிட ருசியாகப் படுவது உப்புக் கதை.

1815 மார்ச்சில் லண்டனில் ஓர் ஒப்பந்தம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உப்பு ஏகபோகம்; அதில் நல்ல வருமானம். பிரெஞ்சு உப்பளத்து உப்பு மலிவாகப் பக்கத்து ஊருக்குள் நுழைந்துவிட்டால் ஏகபோகத்துக்கு அர்த்தமில்லை. எனவே பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கு மட்டும் என்று எழுதிக்கொண்டார்கள். பதிலுக்குப் பிரெஞ்சுக்காரருக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். கூடவே கல்கத்தா ஏலத்தின் சராசரி விலையில் 300 பெட்டி அபின். அதுவும் போதாமல் 1818இல் உப்பு எடுப்பதையே நிறுத்தச் சொல்லி ஆண்டுக்கு 4,000 வராகன் தர ஒப்புக்கொண்டார்கள். உப்பளத்தில் கால் வெந்தவனை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நூறாண்டுச் சண்டைக்காரர்கள் பீரங்கியை மூடிவிட்டு வரவுசெலவுப் புத்தகத்தைத் திறந்தது இங்கேதான்.

அரசியலுக்கும் இந்த எல்லை உதவியது. 1908இல் புதுச்சேரிக்குத் தப்பிப்போன பாரதி, பத்தாண்டு கழித்து 1918 நவம்பர் 20இல் எல்லை தாண்டிய கையோடு கடலூர் அருகே பிடிபட்டார். டிசம்பர் 14 வரை கடலூரில் சிறை. அவரைப் பத்தாண்டு காத்தது இந்தக் கோடுதான்.

இந்தியா சுதந்திரமடைந்ததும் கோடு இன்னும் தடித்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், இதே தென்னாற்காட்டுக்காரர், முதலமைச்சராக இருந்தபோது 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. அந்தப் பக்கம் கடை திறந்தே இருந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு கதவு திறந்தது. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் சேர்ந்து ஏற்படுத்தியிருந்த சுங்கக் கூட்டை இந்தியா 1949இல் முடித்துக்கொண்டது. புதுச்சேரியை நெருக்கி வழிக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். நடந்தது வேறு. இந்தியத் தீர்வை இல்லாத துறைமுகமாகிவிட்ட ஊரில் தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும் வந்து இறங்கின. அத்தனையும் அந்தச் சின்ன ஊர்க்காரர்கள் போட்டுக்கொள்ளவா? வயல்வரப்பு வழியே இந்தப் பக்கம் வந்தன. வரப்புக்கு வரப்பு சுங்கச் சிப்பாயை நிறுத்த முடியுமா!

அதற்குப் பிறகு பர்மிட், சோதனை, சரக்குத் தடை. புதுச்சேரி மில்களுக்குப் பஞ்சு தரைவழியே வர வேண்டுமானால் இந்தியாவைத் தாண்டித்தான் வர வேண்டும். அதைப் பிடித்தால் ஊரைப் பிடித்த மாதிரி. 1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேர் இணைப்புப் பக்கம் வந்தார். மார்ச் 31 அன்று அவர் இந்தியக் கொடியேற்றிய ஊர் நெட்டப்பாக்கம். சுற்றிலும் இந்திய நிலம். பிரெஞ்சு போலீஸ் அங்கே வர வேண்டுமானால் இந்தியாவுக்குள் கால் வைத்தாக வேண்டும். இந்தியா வழிவிடுமா? 1816இன் கந்தல் வரைபடம் 1954இல் இப்படிப் பலித்தது. அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தது.

அயல்நாடு போய்விட்டது. ஆனால் கடலூரின் ஆல்பேட்டை மதுவிலக்குச் சோதனைச் சாவடியில் பஸ் இன்னும் நிற்கிறது. போலீஸ்காரர் பின்படியில் ஏறி, மேல்தட்டிலுள்ள பைகளை ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே வருவார். கனமாக ஏதாவது தட்டுப்பட்டால், "யாருதுப்பா இது?" என்பார். பஸ்ஸே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஐந்தாறு கிலோமீட்டர் வடக்கே முள்ளோடையில் வரிசையாக மதுக்கடைகள். இங்கே டாஸ்மாக் விலை வேறு. தெற்கே காரைக்கால் நுழைவில் நண்டலாற்றிலும் இதே சோதனை. பெட்ரோலுக்குப் புதுச்சேரியில் வரி குறைவு என்று கடலூர்க்காரர் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருவார். கடலூர் வீதிகளில் பிஒய் எண் போட்ட கார்களுக்கும் வரிதான் காரணம்.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மற்ற சரக்குகளுக்கு இந்த வித்தியாசம் போயிற்று. மதுவும் பெட்ரோலும் அதில் சேரவில்லை. சேர்க்கப் பெரும்பாலான மாநிலங்கள் ஆசைப்படவும் இல்லை. சுயமாக வரி போட மிச்சமிருக்கும் பெரிய சரக்குகள் இவைதான். புதுச்சேரிக்குக் குறைந்த விலையால் வருகிற வாடிக்கையாளர் வேண்டும், தமிழ்நாட்டுக்கு டாஸ்மாக் வருமானம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விலை வைத்தால் ஆல்பேட்டையில் பஸ்ஸை நிறுத்த வேண்டியிருக்காது. அப்படி வைக்கும்படி இரண்டு அரசுகளில் எதுவும் மற்றதைக் கேட்கப்போவதில்லை.

(தொடரும்)