உண்ணி கடித்தவனைக் கேட்டார்களா?

கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறிப் போய் வரும் நம் தொழிலாளர்களுக்கு அட்டையைத் தெரியும். கடித்த இடத்தில் இரத்தம் வழிந்து காட்டிக் கொடுத்துவிடும். உண்ணி அப்படியல்ல, கடித்ததே தெரியாது.

பாலக்காட்டுக்கு அடுத்த மலப்புரம் மாவட்டத்தின் நிலம்பூர்க் காட்டில் 2014-லும், வயநாட்டில் 2015-லும் தலைகாட்டிய குரங்குக் காய்ச்சல் உண்ணியால் வந்ததுதான். வயநாட்டில் மட்டும் 100 பேருக்கு மேல் படுத்தனர். 11 பேர் மாண்டனர். பெரும்பாலோர் காட்டை நம்பிப் பிழைத்த ஆதிவாசிகள். இந்நோய் முதலில் தெரிய வந்தது 1957-ல், ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது.

நோய் கண்ட 100 பேரில் 3 முதல் 5 பேர் இறக்கலாம் என்பது கணக்கு. மற்றவர்கள் பிழைத்தார்கள் என்று சுலபமாகச் சொல்லி விடுகிறோம். மண்டையைப் பிளக்கும் வலி, அடித்துப் போட்டாற் போன்ற உடம்பு, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம். தணிந்து, எழுந்து நடமாடிய பின் சிலருக்கு மறுபடியும் காய்ச்சல். கை நடுக்கம், பிதற்றல். பழைய பலம் திரும்ப வாரங்கள், சிலருக்கு மாதங்கள். அதுவரை நாட்கூலிக்காரன் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? இதற்கென்று தனி மருந்து இல்லை. இருந்த தடுப்பூசியும் பலன் குறைந்ததால் 2022-ல் நிறுத்தப்பட்டது.

உண்ணிக்கு அஞ்சி வாழும் இம்மக்களிடம் அமெரிக்க ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைப் படித்துக் காட்டினால் சிரிப்பார்களா, சீறுவார்களா தெரியாது. அங்கே 'லோன் ஸ்டார்' என்றொரு உண்ணி உண்டு; நம் மலைகளில் கிடையாது. அது கடித்த சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி ஒவ்வாமற் போகிறது. சாப்பிட்ட சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. 2010 முதல் 4,50,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2023-ல் மதிப்பிட்டது.

மேற்கு மிச்சிகன் பல்கலைக் கழக மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த பார்க்கர் கிரட்ச்ஃபீல்ட், பிளேக் ஹெரத் ஆகிய இருவர், 2025-ல் 'பயோஎதிக்ஸ்' என்னும் மருத்துவ அறநெறி இதழில் இது பற்றி எழுதினர். இறைச்சி உண்பது தவறு என்றால், இந்த ஒவ்வாமையைத் தடுப்பதும் தவறு. அதைப் பரப்புவதே கடமை என்பது அவர்கள் வாதம். 'தவறு என்றால்' என்ற நிபந்தனையோடுதான் சொன்னார்கள். உண்ணியை அவிழ்த்து விடவில்லை. ஆயினும் அமெரிக்க மக்களிடையே பலத்த கண்டனம் எழுந்தது. எழாமல் இருக்குமா? சம்மதம் கேளாமல் ஒருவன் உடம்பில் ஊசி குத்தக் கூடாது என்று போதிக்கும் சாஸ்திரமல்லவா அது! மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடியவனிடம் நிபந்தனை வாக்கியம் எடுபடாது.

நம் பக்கத்துக்கு ஒரு விஷயம். மலையாளத்தில் 'குரங்குபனி' வேறு, 'செள்ளுபனி' வேறு. பின்னது சிற்றுண்ணி கடித்து வருவது. கடித்த இடத்தில் கருத்த பொருக்குத் தட்டுவதும் உண்டு. அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து நன்றாகக் கேட்கும். இரண்டில் எதுவென்று டாக்டர் கண்டுபிடிக்க வேண்டுமானால், காட்டுக்குப் போனதை, கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். தோட்டப் பக்கம் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல், பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே தெரிவிக்கவும்.