கட்டிலுக்குக் காசு உண்டு, கூரைக்கு?

கல்வராயன் மலையிலே, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். கடுக்காய் பறிக்க மரமேறிய உழைப்பாளி ஒருவர் கீழே விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கச்சிராயபாளையம் வழியாக மலையிறக்கிக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையிலே சேர்க்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம். எலும்பு கூடுகிறது. நல்ல காரியம்! 2009-ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டை நாம் குறை கூறவில்லை.

பிறகு? மூன்று மாதம் பாரம் தூக்காதே என்கிறார் டாக்டர். அந்த மூன்று மாதம் அடுப்பு எரிவது எப்படி? ஒழுகும் கூரையின் கீழே, ஈரத் தரையிலே, உடம்பு தேறுவது எப்படி? அட்டை வாய் திறக்காது. கட்டிலுக்குக் காசு உண்டு. கூலிக்கு இல்லை, கூரைக்கு இல்லை.

'ஆகாத காரியம்' என்பார் சிலர். ஆலைத் தோழர்களே, உங்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துப் பாருங்கள்! 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது அது. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவிகிதம். வேலையில் அடிபட்டால் 90 சதவிகிதம். உடம்பு நோகும்போதும் உலை கொதிக்க வேண்டும் என்பது சர்க்காருக்குத் தெரியாததல்ல. தெரிந்த நீதி ஆலை வாசலோடு நின்றுவிட்டது, மலையேறவில்லை.

அமெரிக்காவிலே வாஷிங்டன் மாநிலம், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டின் கீழேயே 2018-ல் ஓர் ஏற்பாடு செய்தது. நலிந்தவருக்கு வீடு தேடித் தரவும், வேலை தேடித் தந்து அதில் நிலைக்கச் செய்யவும் ஆள் அமர்த்தியது. வீடற்ற நோயாளி திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே வருவான் என்ற கணக்கு அதற்குத் தெரிந்திருந்தது.

இங்கே திட்டம் இல்லையா? உண்டு. 2024-ல் அறிவித்த கனவு இல்லம், வீட்டுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். ஆனால் வீட்டுக்கு ஓர் அலுவலகம், வேலைக்கு ஓர் அலுவலகம், வைத்தியத்துக்கு ஓர் அலுவலகம்! மூன்று படியும் ஊன்றுகோலோடு ஏற வேண்டியவர் நோயாளி. ஏறினாலோ, மனைக்குப் பட்டா எங்கே என்பார்கள். 1976 வரை ஜாகிர்தார்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களிடம் கேட்கிற கேள்வியா இது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலே விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் இந்த மலைமக்களின் வாழ்வைத் தானே முன்வந்து விசாரித்தது. பிணம் விழுந்தால்தான் மலை கண்ணுக்குத் தெரியுமா?

நாம் கேட்பது பிச்சையல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாளிலேயே, அந்தச் சீட்டோடு வீட்டு மனுவையும் வேலை மனுவையும் எழுதி முடிக்க ஓர் ஊழியர் வேண்டும். படுத்திருக்கும் நாட்களுக்கு, ஆலைத் தொழிலாளிக்கு இருப்பதுபோல், கூலியில் ஒரு பங்கு வேண்டும்.

கிளைத் தோழர்களே! உங்கள் ஊரில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் வீட்டுக்கு இன்றே போங்கள். கூரையைப் பாருங்கள், அடுப்பைப் பாருங்கள். மனுவை நீங்களே எழுதுங்கள். உயிரைக் காத்த சர்க்கார் வாழ்வையும் காக்கட்டும்!