மின் ஒழுக்கு: ஒரு சொல்லுக்குள் மூன்று ஆபத்துகள்

வீடொன்றோ கடையொன்றோ தீக்கிரையானால், மின் ஒழுக்கே காரணமெனச் சந்தேகிக்கப்படுவதாகக் கூறிச் செய்தி முடிவடைவது நமது நாட்டில் வழமையாகிவிட்டது. ஆயினும், பேச்சுவழக்கில் அந்த ஒரு சொல் தன்மையில் வேறுபட்ட மூன்று கோளாறுகளைக் குறித்து நிற்கின்றது. அவற்றைப் பிரித்தறியாதவரை அவற்றுக்குரிய பாதுகாப்பையும் நாம் தேடப்போவதில்லை.

முதலாவது குறுஞ்சுற்று. உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் நேரடியாகத் தொடுகையுறும்போது மின்னோட்டம் கணப்பொழுதில் பன்மடங்காகப் பெருகுகின்றது. இரண்டாவது மிகைச்சுமை. 2000 வாற்று கேத்தலும் 1000 வாற்று மின்னழுத்தியும் ஒருங்கே இயங்கினால், 230 வோல்ற்று வழங்கலில் ஏறத்தாழ 13 அம்பியர் மின்னோட்டம் பாயும். இவ்விரண்டையும் 5 அம்பியர் மாத்திரமே தாங்கவல்ல நீட்டிப்புக் கம்பியில் இணைத்தால், கம்பி சூடேறி, காவலுறை இளகி, ஈற்றில் தீ மூளலாம்.

இவ்விரு கோளாறுகளிலிருந்தும் கம்பிகளைக் காப்பவை உருகியும், பிரேக்கர் என நாம் அழைக்கும் சுற்றுடைப்பானுமே. அவற்றின் அளவு கம்பியின் தாங்குதிறனை விஞ்சலாகாது. பிரேக்கர் அடிக்கடி விழுகின்றது என்பதற்காகப் பெரிய அளவிலான ஒன்றைப் பொருத்துவதும், எரிந்த உருகிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றுவதும் எச்சரிக்கை மணியின் நாவை அறுப்பதற்கு ஒப்பானவை.

மூன்றாவதே உண்மையான ஒழுக்கு. குளிர்சாதனப் பெட்டி, நீர்ப்பம்பி போன்றவற்றில் காவலுறை பழுதடைந்தால் அவற்றின் உலோக உடலுக்கு மின் பரவும். பத்தில் ஒரு அம்பியர் மின்னோட்டமே மனித உயிரைப் பறிக்கப் போதுமானது. 6 அம்பியர் பிரேக்கர் அதனை உணராது. இங்கு உதவுவது ட்ரிப் சுவிட்ச். வெளியே செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் வேறுபடுவதை அது கண்டறிகின்றது. வீடுகளுக்குரிய 30 மில்லியம்பியர் வகை, வேறுபாடு அந்த அளவை எட்டும்போது இணைப்பைத் துண்டித்துவிடும். எனினும், அது மாத்திரம் மிகைச்சுமையைத் தடுக்காது. உயிர்க்கம்பியையும் நொதுமல் கம்பியையும் ஒருசேரத் தொடுபவரையும் காக்காது. ஆகவே பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், முறையான புவித்தொடுப்பு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

நடைமுறையோ வேறுவிதமாக உள்ளது. மூன்று முனைக் குதையின் புவித்துளைக்குள் பேனாவைச் செருகி, இரண்டு முனைச் செருகியைத் திணிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. மழைக்காலத்தில் ட்ரிப் சுவிட்ச் தொடர்ந்து விழுந்தால், கோளாறைத் தேடாது அதனையே அகற்றிவிடச் சொல்வோரும் உளர். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. அழுத்தியும் விழாத சுவிட்சை உடனே மாற்றுதல் வேண்டும்.

மலையக லயன்களின் நிலை மேலும் கவலைக்குரியது. ஒரே கூரையின் கீழுள்ள வரிசையில் ஓர் அறையின் பழுதடைந்த கம்பி அத்தனை குடும்பங்களின் உடைமைகளையும் சாம்பலாக்கக்கூடும். மானிக்கு அப்பாலுள்ள கம்பிகள் குடியிருப்போரின் பொறுப்பு என்பது பொதுவான நியதி. ஆனால், தமக்குச் சொந்தமில்லாத லயன் அறையில் வாழும் தொழிலாளியிடம் அந்தப் பொறுப்பைச் சுமத்துவது நியாயமாகாது. தோட்ட நிர்வாகங்களும் அரசும் இக்குடியிருப்புகளின் கம்பியமைப்பைக் காலத்துக்குக் காலம் பரிசோதித்துச் சீர்செய்தல் வேண்டும். தீயின் பின்னர் வழங்கப்படும் நிவாரணத்தைவிட, தீக்கு முன்னர் பொருத்தப்படும் ஒரு ட்ரிப் சுவிட்சும் உரிய பிரேக்கரும் மலிவானவை.