முப்பத்தைந்துக்குள் ஒரு விருது

டெல்லி மண்டி ஹவுஸ் பக்கம் போனால் ரவீந்திர பவனைப் பார்க்காமல் வர முடியாது. சாகித்ய அகாதமி இருப்பது அங்கேதான். 1955 முதல் இலக்கிய விருது வழங்கிவரும் அகாதமி, இளம் எழுத்தாளர்களுக்கென்று தனி விருதை ஏற்படுத்தியது 2011இல். யுவ புரஸ்கார் என்று பெயர். விருது ஆண்டின் ஜனவரி முதல் தேதியன்று 35 வயதைத் தாண்டாதவர்களின் நூல்களுக்கு, 24 மொழிகளில், ஐம்பதாயிரம் ரூபாயும் செப்புப் பட்டயமும் தருகிறார்கள்.

வயது வரம்பு எதற்கு என்று கேட்பவர்களிடம் ஆதவனின் கதையைத்தான் சொல்வேன். டெல்லியில் வேலை பார்த்துக்கொண்டு, அந்நகரத்து நடுத்தர வர்க்கத்தின் பாசாங்குகளைக் ‘காகித மலர்க’ளில் எழுதியவர் அவர். 1987இல், 45 வயதில், சிருங்கேரியில் ஆற்றில் மூழ்கி இறந்தார். ‘முதலில் இரவு வரும்’ தொகுப்புக்கு அகாதமி விருது அறிவிக்கப்பட்டபோது அவர் இல்லை. ‘எழுத்து’ பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பா மறைந்தது 1998இல். ‘சுதந்திர தாக’த்துக்கு விருது வந்தது 2001இல். எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இவர்களுக்கு ஒரு கை கொடுத்திருந்தால் இன்னும் என்னென்ன எழுதியிருப்பார்களோ என்ற ஏக்கம் எனக்குத் தீரவே இல்லை.

யுவ புரஸ்காரின் தமிழ்ப் பட்டியல் எனக்கு நம்பிக்கை தருகிறது. முதல் ஆண்டில் ம. தவசியின் ‘சேவல்கட்டு’. அடுத்த ஆண்டு குமரி மாவட்டத்து மலர்வதியின் ‘தூப்புக்காரி’; துப்புரவுத் தொழிலாளியின் வாழ்க்கையைச் சொன்ன அந்த நாவல், விருது வந்த பிறகுதான் பலர் கைக்குப் போனது. லட்சுமி சரவணகுமாரின் ‘கானகன்’ காட்டுக்குள் நடக்கிறது. கார்த்திக் பாலசுப்ரமணியனின் ‘நட்சத்திரவாசிகள்’ ஐடி அலுவலகத்துக்குள். ‘அம்புப் படுக்கை’ சிறுகதைகளை எழுதிய சுனில் கிருஷ்ணன் காரைக்குடியில் ஆயுர்வேத மருத்துவர். இத்தனை வேறுபட்ட வாழ்க்கைகளிலிருந்து வந்தவர்களை ஒரு விருது தேடிப் பிடித்திருக்கிறது என்றால் அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

ஆனாலும் ஒரு குறை. 2011இல் தந்த அதே ஐம்பதாயிரம்தான் இன்றும். அதைவிட முக்கியமானது, நூல் அச்சான பிறகே இந்த விருது வருகிறது. பெர்லினில் 1993 முதல் ‘ஓப்பன் மைக்’ என்றொரு போட்டி நடக்கிறது. அங்கேயும் 35தான் எல்லை. ஆனால் இன்னும் ஒரு புத்தகம்கூட வெளியிடாதவர்களே கலந்துகொள்ளலாம். தங்கள் படைப்பை அவர்கள் மேடையில் வாசிக்கும்போது, பதிப்பகங்களின் எடிட்டர்கள் எதிரே உட்கார்ந்து கேட்கிறார்கள். நம் இளைஞர்களில் பலர் கைக்காசைப் போட்டுத்தான் முதல் புத்தகத்தைக் கொண்டுவருகிறார்கள். எங்கே வெட்டலாம், எந்த அத்தியாயம் தொய்கிறது என்று பொறுமையாகச் சொல்ல ஆளில்லை. நல்ல நாவலாக வந்திருக்க வேண்டியது அவசரமாக அச்சேறிவிடுகிறது.

அகாதமிக்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து கையெழுத்துப் பிரதிகளைத் தேர்ந்தெடுத்து, எழுதியவர்களை அனுபவமுள்ள எடிட்டர் ஒருவரோடு ஒரு வாரம் உட்காரவைக்கலாம். ஏற்கெனவே யுவ புரஸ்கார் வாங்கியவர்களையே அந்த வேலைக்கு முதலில் அழைக்கலாம்.