கறை அறிந்து நீக்குவோம்

பேராக் மாநிலத்தின் பாகான் செராய் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் உடைகளில் ரப்பர் பால் தெறிப்பது வழக்கம். ஈரம் காயுமுன் தண்ணீரில் அலசினால் அது பெரும்பாலும் போய்விடும்; காய்ந்தால் ரப்பராகி நூலிழைகளைப் பற்றிக்கொள்ளும். அமிலம் பாலை உறையச் செய்யும் என்பதால், இக்கறைக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ உதவாது. தோட்டங்களில் பாலை உறைய வைக்கப் பார்மிக் அமிலத்தையே சேர்த்தனர்.

ஆகவே, கறையின் தன்மையறிந்து அதனை நீக்க வேண்டும். இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். சுடுநீர் பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் உறைந்து, கறை நிலைத்துவிடும். மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டதும் அது சிவக்கும். இது காரத்தால் ஏற்படும் நிறமாற்றமே. துவைத்து வெயிலில் உலர்த்தினால் கறை மங்கிவிடும். எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவம் போதும்.

விடாப்பிடியான கறையைப் போக்க, சிலர் குளோரின் வெளுப்பானுடன் வினிகரைக் கலப்பதுண்டு. அப்போது வெளிப்படும் குளோரின் வாயு மூச்சுத்திணறலை உண்டாக்கி, நுரையீரலைப் பாதிக்கும். கறை நீங்காவிட்டாலும் பரவாயில்லை; இவ்விரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்.