பிளைத் ஓடத்துறை

ஆற்றுக்கு இரு கரைகள் உண்டு. ஓடத்திற்கும் இரு பயணங்கள் உண்டு. அக்கரை சென்றவர் இக்கரை மீள்வர் என்னும் நம்பிக்கையிலேதான் ஓடத்துறைகள் தோன்றுகின்றன. ஆனால் ஒரு மக்களினத்தாருள் பல்லாயிரவர் மீண்டு வரும் உரிமையின்றிக் கடந்து சென்ற துறை ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அதன் பெயர் பிளைத் ஓடத்துறை.

அந்நாட்டின் டென்னஸி மாநிலத்தில், ஹைவாஸி ஆறு டென்னஸி ஆற்றோடு கலக்குமிடத்தில் இத்துறை அமைந்திருந்தது. ஏறத்தாழ 1809-இல் இதனை நிறுவியவர் வில்லியம் பிளைத் என்பவர். அவர் மனைவி செரோக்கி குலத்துப் பெண்மணி. அக்காலத்தில் டென்னஸி ஆறே செரோக்கி நாட்டின் எல்லை. ஆகவே ஆற்றைக் கடப்பது நாட்டை விட்டு நீங்குவதாகும்.

அம்மக்கள் நாடோடிகள் அல்லர், உழுது பயிரிட்டவர்கள். அவர்களுள் ஒருவரான சீகுவோயா 1821-இல் தம் மொழிக்கு எழுத்து வகுத்தளித்தார். 1828-இல் அவ்வெழுத்தில் செய்தித்தாளும் வெளிவந்தது. அவர்களுக்கெனச் சட்டமும் மன்றமும் இருந்தன. ஆயினும் அவர்கள் நிலத்தின்மீது குடியேறிகள் கண் வைத்தனர். அங்குப் பொன் கிடைத்ததும் ஆசை பெருகிற்று. 1830-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் குடியரசுத் தலைவராயிருந்தபோது, பழங்குடிகளை மிஸிஸிப்பி ஆற்றுக்கு அப்பால் அனுப்பும் சட்டம் நிறைவேறியது.

செரோக்கி நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என உயர்நீதி மன்றங்களுக்கெல்லாம் தலையாய மன்றம் 1832-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டளவில் நின்றது. 1835-இல் ஒரு சிறு குழுவினர் மட்டும் நிலத்தைக் கைவிடும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். முதன்மைத் தலைவர் ஜான் ராஸும் பெரும்பாலான மக்களும் அதனை ஏற்கவில்லை. எனினும் அமெரிக்கச் செனட் சபை, தேவையான மூன்றில் இரு பங்கு ஆதரவை ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் பெற்று அதனை உறுதி செய்தது.

1838 மே மாதத்தில் கெடு முடிந்தது. தளபதி வின்பீல்டு ஸ்காட்டின் படைவீரர்கள் மக்களை வீடுகளிலிருந்து பிடித்துவந்து முகாம்களில் அடைத்தனர். முதலில் சில கூட்டத்தார் படகுகளில் அனுப்பப்பட்டனர். அவ்வாண்டுக் கோடையோ கொடியது. மழை பொய்த்தது, ஆறுகள் வற்றின, நோய் பரவிற்று. எனவே பயணம் இலையுதிர்காலம்வரை நிறுத்தப்பட்டது. எஞ்சியோரைத் தாங்களே அழைத்துச் செல்வதாக ராஸும் பிற தலைவர்களும் கேட்டு இசைவு பெற்றனர்.

அவ்வாறு புறப்பட்ட கூட்டங்களுள் பல, பிளைத் துறைக்கு வந்தன. சுமார் 9,000 செரோக்கியரும், கிரீக் என்னும் மற்றொரு பழங்குடியினர் 500 பேரும் இங்குத் தங்கிக் கடந்தனர் என்பர். ஒரு கூட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர். இருபது பேருக்கு ஒரு வண்டி என்று கணக்கிட்டாலும் ஐம்பது வண்டிகள். இவற்றோடு குதிரைகள் வேறு. அத்தனையையும் ஓடத்தில் சிறிது சிறிதாகவே ஏற்றி அக்கரை சேர்த்தாக வேண்டும். தம் முறைக்காகக் கரையில் காத்திருந்தோர், தம் நாட்டின் மண்ணில் கடைசியாகச் சமைத்து உண்டது இங்கேதான்.

அக்கரையிலிருந்து தொடங்கிய வழி ஏறத்தாழ 800 மைல். பனிக்காலத்தில் மிஸிஸிப்பி ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்து வழிமறித்தன. கடைசிக் கூட்டம் 1839 மார்ச்சு மாதத்தில், இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதியை அடைந்தது. வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 16,000 பேர். முகாமிலும் வழியிலும் மாண்டோர் 4,000 பேர்வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். அவ்வழியை வரலாறு கண்ணீர்ப் பாதை என்று அழைக்கிறது.

மக்கள் போன பின்னும் ஓடம் நிற்கவில்லை. 1940-இல் கட்டி முடிக்கப்பட்ட சிக்கமாகா அணையால் நீர் உயர்ந்து, ஆறு ஏரிபோல் அகன்றது. அப்பொழுதும் ஓடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1994-இல் பாலம் அமைந்த பிறகே அது ஓய்ந்தது. இன்று அத்துறை இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. 1835-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் கண்ட குடும்பத் தலைவர்களின் பெயர்கள் அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. குடியிருப்போரை எண்ணுவதற்காக எழுதிய அந்தப் பட்டியலே, அவர்கள் அங்கு வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.