வயரிங் மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு



 குற்றாலச் சாரல் வந்துவிட்டால் ஆய்க்குடியில் பழைய வீட்டுச் சுவர்கள் வியர்க்க ஆரம்பிக்கும். சுவிட்சைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். "கொஞ்சம் அடிக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு போடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே குறைவில்லை. அப்படி ஒரு வார்த்தை உங்கள் வீட்டில் புழங்குகிறதென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நம் வீடுகளில் பல, இரண்டு லைட்டு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ என்ற கணக்கில் வயர் இழுக்கப்பட்டவை. பிறகு ஃப்ரிட்ஜ் வந்தது, மிக்சியும் கிரைண்டரும் வந்தன, போர் மோட்டார் வந்தது, கல்யாணத்தோடு வாஷிங் மெஷின் வந்தது, வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஏசி மாட்டினார். வயர் மட்டும் அதேதான். காலையில் ஒரே நேரத்தில் வாட்டர் ஹீட்டர் 2000 வாட், அயர்ன் பாக்ஸ் 1000, மிக்சி 750, ஒரு குதிரைத்திறன் மோட்டார் 746 வாட் ஓடினால் மொத்தம் 4500 வாட்டுக்குப் பக்கம். 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 20 ஆம்பியர். லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயர் இதைத் தாங்காது. சூடாகும், மேலுறை இளகும், ஒரு நாள் சுவருக்குள்ளேயே கருகும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று பீங்கான் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைக்கிறார்கள் அல்லவா, அது காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு வீட்டைத் திறந்துபோடுவதற்குச் சமம். சூடு ஏறும்போது அறுந்து போவதுதான் ஃப்யூஸின் வேலை.

எதை முதலில் செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வீட்டைப் புதுப்பிக்கும்போது காசு முதலில் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் போகிறது: ஃபால்ஸ் சீலிங், கலர் லைட்டு, கண்ணாடி மாதிரி மின்னும் சுவிட்சுகள். வந்தவர்கள் பார்த்துப் பாராட்டவும் செய்வார்கள். எர்த்தை யாரும் பாராட்டுவதில்லை. அது மண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் எங்கள் கணக்கில் முதல் செலவு எர்த்தும் ஆர்சிசிபியும்தான். சுவிட்ச் பழையதாகவே இருக்கட்டும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எம்சிபி இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எம்சிபி காப்பது வயரை. 16 ஆம்பியர் எம்சிபி, அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். மனித உடம்பில் ஓர் ஆம்பியரின் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே உயிர் போகலாம். அது எம்சிபிக்குத் தெரியவே தெரியாது. ஆர்சிசிபி வேறு விதமாக வேலை செய்கிறது. ஃபேஸ் வழியாகப் போன மின்சாரம் நியூட்ரல் வழியாக அதே அளவு திரும்புகிறதா என்று எந்நேரமும் ஒப்பிட்டுப் பார்க்கும். குறைந்தால், எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக என்று எடுத்துக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். வாங்கும்போது அதன் மேல் 30 எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று போட்டவையும் கடையில் கிடைக்கும். அவை தீ விபத்துக்கான காவல், ஆளைக் காக்காது. நல்ல கம்பெனியின் இரண்டு துருவ ஆர்சிசிபி இரண்டாயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கிறது. மின்வாரியமும் எல்லா வீடுகளிலும் இதைப் பொருத்தச் சொல்லிவருகிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் இதற்கும் தெரியாது. ஆகவே இது இருக்கிறதென்று யாரும் மெயினை அணைக்காமல் வேலை பார்க்கக் கூடாது.

பழைய வயரிங்கில் ஆர்சிசிபி மாட்டினால் முதல் வாரமே அடிக்கடி விழும். ஈரச் சுவரில் கசிவு இருக்கும். முன்பு யாரோ ஒரு அறையின் நியூட்ரலை இன்னோர் அறையோடு கலந்து வைத்திருப்பார்கள். ஃப்ரிட்ஜிலோ மோட்டாரிலோ லீக்கேஜ் இருக்கும். "சனியன் சும்மா சும்மா விழுது, கழற்றிவிடு" என்று வீட்டில் சொல்ல, எலக்ட்ரீஷியனும் நேரடியாக இணைத்துவிட்டுப் போய்விடுவார். இதை நாங்கள் பல வீடுகளில் பார்த்துவிட்டோம். அது விழுவது பழுதல்ல, தகவல். ஒவ்வொரு எம்சிபியாக அணைத்துப் பார்த்து, எந்த லைனில் கசிகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் கூலியைப் பட்ஜெட்டிலேயே சேர்த்துவையுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: கரண்ட் போனபிறகு இன்வெர்ட்டரில் ஓடும் லைன்களுக்கும் இந்தக் காவல் உண்டா? ஆர்சிசிபியை இன்வெர்ட்டருக்கு முன்னால் மட்டும் வைத்திருந்தால் பெரும்பாலும் இருக்காது.

எர்த் குழி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் நிற்கிற இடத்தில் தோண்டி, கரியும் உப்பும் சேர்த்து மூட வேண்டும். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கிருந்து வரும் பச்சை வயர் ஒவ்வொரு மூன்று பின் பிளக்குக்கும் உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பல வீடுகளில் குழியும் இருக்கிறது, பிளக்கில் மூன்றாவது துளையும் இருக்கிறது, நடுவில் வயர்தான் இல்லை.

அடுத்து அடுப்படி. ஃப்ரிட்ஜ், மிக்சி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஒரே போர்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக ஓடுவது வழக்கமாகிவிட்டது. நோன்பு மாதத்தில் ஸஹர் நேரத்தில் இது எல்லாமே ஒன்றாக ஓடும். அடுப்படிக்கு மெயினிலிருந்து தனி லைன் இழுங்கள். 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்; ஏசிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் தனித்தனியே 4 சதுர மி.மீ.; லைட்டு, ஃபேனுக்கு 1.5 போதும். மூத்த எலக்ட்ரீஷியன்கள் 1/18, 3/20 என்று பழைய கணக்கில் சொல்வார்கள். குழப்பம் வேண்டாம், சதுர மில்லிமீட்டரிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வயர்ச் சுருளில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் இருக்க வேண்டும். வீட்டின் மின்பளு கூடுகிறதென்றால், அனுமதிக்கப்பட்ட அளவை உயர்த்தவும் தேவைப்பட்டால் மும்முனை இணைப்புக்கும் மின்வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணமும் பட்ஜெட்டில் ஒரு வரி.

பணத்துக்கு வருவோம். ஒரே மூச்சில் முழு வீட்டையும் மாற்ற முடியாதவர்கள் மூன்று கட்டமாகப் பிரிக்கலாம்: இந்த ஆண்டு எர்த், ஆர்சிசிபி, மெயின் பெட்டி, அடுத்த ஆண்டு அடுப்படி, குளியலறை, மோட்டார் லைன், அதன் பிறகு மற்ற அறைகள். இதற்காக நகையை வட்டிக்கு வைக்க வேண்டாம். தெருவில் பெண்கள் நடத்தும் குலுக்கல் சீட்டு ஒன்று விழுந்தாலே முதல் கட்டம் முடிந்துவிடும். மதிப்பீடு வாங்கும்போது இரண்டு பேரிடம் வாங்குங்கள். இருவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள். எத்தனை பாயின்ட், எந்த அளவு வயர் எத்தனை சுருள், எந்தக் கம்பெனி, ஒரு பாயின்ட்டுக்குக் கூலி என்ன, சுவரை வெட்டி மறுபடி பூசுவது யார் செலவு? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால்தான் கொத்தனார், பெயின்டர் என்று தனிச் செலவு முளைக்கும். பழைய சுவரைத் திறந்தால் எதிர்பாராதது ஏதாவது இருக்கவே செய்யும்; நூற்றுக்குப் பதினைந்து ரூபாயாவது கையிருப்பாக ஒதுக்குங்கள்.

வீட்டுக்காரர் கத்தாரிலோ ரியாத்திலோ இருக்க, வேலையைப் பார்ப்பது பெண்களாக இருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். பணம் அனுப்புகிறவர் சுவரைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்க்கிறவரிடம் யாரும் கணக்குச் சொல்வதில்லை. இதற்கு எளிய வழி உண்டு. பைப்புக்குள் வயர் இழுத்தபின், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் போனில் படம் பிடித்து வையுங்கள். வயர்ச் சுருள் அட்டையையும் பில்லையும் சேர்த்து வையுங்கள். கூலியை மூன்றாகப் பிரித்து, கடைசிப் பங்கை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுவதைக் கண்ணால் பார்த்தபின் கொடுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் அந்தப் படங்கள் உதவும்.

பாகம் பிரிக்காத பொது வீட்டில் யார் செலவு செய்வது என்று அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. பிரிவினை எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும். மெயினும் எர்த்தும் அதற்குக் காத்திருக்க வேண்டியவை அல்ல. செலவை எழுதிவைத்துப் பிறகு கழித்துக்கொள்ளலாம்.

செலவில் ஒரு பகுதி திரும்பியும் வரும். பழைய ஃபேன் 75 வாட், புதிய பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். நான்கு ஃபேனுக்கு 130 யூனிட். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் அதைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். கூரை சோலாருக்கு 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். நல்லதுதான், ஆனால் கருகிய வயரின் மேல் சோலாரை இணைக்காதீர்கள்.

சாரலுக்கு முன் செலவே இல்லாமல் செய்ய ஒரு வேலை இருக்கிறது. மாடியில் துணி காயப்போடும் கொடி இரும்புக் கம்பியாக இருந்து, சர்வீஸ் வயருக்குப் பக்கத்தில் போகிறதா, மின்கம்பத்தில் கட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அவிழ்த்துவிட்டு வேறு இடத்தில் நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் வயர் தாழ்ந்தோ உரிந்தோ தொங்கினால் நீங்களாகத் தொடாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணில் சொல்லுங்கள்: 94987 94987. இரவிலும் எடுப்பார்கள். மீட்டர் அட்டையிலுள்ள இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும்.